மாசச் சாமானைப் பொள்ளாச்சித் தள்ளுபடிக் கடைக்கு மாற்றலாமா?

கொழிஞ்சாம்பாறை மருமகள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. பிறந்த ஊர் உடுமலை, வாக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமம். கேரளாவில் இருந்தாலும் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். வீட்டுக்காரர் கோபாலபுரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் நார் மில்லில் வேலை செய்கிறார். கூலி சனிக்கிழமை கைக்கு வரும். நான் மூன்று கறவை மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன், அங்கே பட்டுவாடா போடும்போது கொஞ்சம் வரும். மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று வீட்டில் ஆறு பேர்.

கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து மளிகை எல்லாம் ஊர் முக்குக் கடையில்தான். பற்று நோட்டில் எழுதி வாங்குவோம். சனிக்கிழமை ஒரு தொகை கட்டுவோம், மீதி நிற்கும். மூவாயிரம் நாலாயிரம் எப்போதும் நோட்டில் இருக்கும். வட்டி கிடையாது.

இப்போது எங்கள் தெரு அக்காமார்கள் நாலைந்து பேர் மாதம் பிறந்ததும் ஒரு வேன் பேசிக்கொண்டு பொள்ளாச்சியில் ஒரு பெரிய தள்ளுபடிக் கடைக்குப் போகிறார்கள். போன மாதம் நானும் கூடப் போய் விலைகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். நாலு கிலோ துணி பவுடர் பாக்கெட்டில் எழுபது ரூபாய் குறைவு. பேஸ்ட் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். துவரம்பருப்பு கிலோவுக்குப் பன்னிரண்டு ரூபாய் குறைவு. ஆனால் பொன்னி அரிசியும் வெல்லமும் எங்கள் கடை விலைதான், புளி அங்கே கூடுதல்.

மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. 2020 ஊரடங்கில் எல்லையை மறித்தபோது நம் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வேலைக்குப் போக முடியவில்லை, கையில் காசில்லை. அந்த மாதங்களில் ஊருக்கே கணக்குப் பார்க்காமல் அரிசியும் பருப்பும் கொடுத்தவர் அந்தக் கடைக்காரர். "அன்னைக்கு எந்தப் பெரிய கடை உன் வீட்டுக்கு அரிசி கொண்டு வந்து கொடுத்தது?" என்று கேட்கிறார். அவர் சொல்வது நியாயம். பெரியவளுக்கு அடுத்த வருடம் காலேஜ் பீஸ் கட்டணும் என்பதும் நியாயம். மாதம் ஐநூறு ரூபாய் மிச்சமானால் அது எங்களுக்குப் பெரிய காசு.

மொத்தமாக மாற்றலாமா? பாதி மாற்றலாமா? அவர்கள் எப்படி அந்த விலைக்குக் கொடுக்கிறார்கள், இதில் நமக்குத் தெரியாத கணக்கு ஏதும் இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

சித்தூர் லைன்காரர்:

தங்கச்சி, நான் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறேன். சோப்பு, பவுடர், பேஸ்ட், பிஸ்கட் எல்லாம் எடுத்து விநியோகிக்கும் ஏஜென்சியில் லைன் போகிறேன். உங்கள் ஊர் மாதிரி கடைகளில் ஆர்டர் எடுத்து, மறுநாள் வண்டியில் சரக்கு இறக்கி, அடுத்த வாரம் பணம் வாங்குவதுதான் வேலை. இந்தக் கணக்கை உள்ளேயிருந்து பார்க்கிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்த எழுபது ரூபாயை உங்கள் முக்குக் கடைக்காரர் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு நாங்கள் கொடுக்கிற விலையே அப்படி. 2021 கடைசியில் அகில இந்திய அளவில் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு இதை வெளிப்படையாகவே சொன்னது: எங்களைப் போன்றவர்கள் வழியாக வாங்கும் சில்லறைக் கடைக்கு 8 முதல் 12 சதவீதம்தான் லாபம் நிற்கிறது, பெரிய கம்பெனிகள் நடத்தும் மொத்த விற்பனைக் கடைகளுக்கும் ஆன்லைன் கம்பெனிகளுக்கும் அதே பொருளில் 15 முதல் 20 சதவீதம் கிடைக்கிறது என்று. மகாராஷ்டிராவில் 2022 ஜனவரி 1 முதல் இரண்டு பெரிய கம்பெனிகளின் சில சரக்கை எடுப்பதில்லை என்று போராட்டமே அறிவித்தார்கள்.

இதை ஒரு பாக்கெட்டில் வைத்துப் பாருங்கள். மேலே 100 ரூபாய் அச்சடித்த பவுடர் உங்கள் கடைக்காரருக்கு ஏறக்குறைய 90க்கு இறங்குகிறது. பெரிய கடைக்கு 82, 83க்கு இறங்கினால் அவர்கள் 88க்கு விற்றுவிட்டு லாபமும் பார்ப்பார்கள். உங்கள் கடைக்காரர் 88க்கு விற்றால் கையிலிருந்து இரண்டு ரூபாய் போடணும். அவர் மனசு வைத்தாலும் முடியாது.

பெரிய கடைக்கு ஏன் அவ்வளவு குறைத்துக் கொடுக்கிறார்கள்? லோடு லோடாக எடுக்கிறார்கள், பணத்தைச் சீக்கிரம் கொடுக்கிறார்கள். டிமார்ட் என்ற தள்ளுபடிக் கடைக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் மும்பை பவாயில் முதல் கடை போட்டவர்கள். பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில்தான் கடை நடத்துவார்கள், அதனால் வாடகைச் சுமை குறைவு. சப்ளையருக்கு நாள் கடத்தாமல் பணம் கொடுப்பார்கள், அதற்கு விலையில் கழிவு வாங்கிக்கொள்வார்கள். நாங்களோ உங்கள் ஊர்க் கடைக்கு ஒரு வாரம் கடன் விடுகிறோம், அவர் உங்களுக்கு ஒரு மாதம் விடுகிறார். அந்தக் கடனுக்கும் ஒரு விலை இருக்கிறது. நோட்டில் வட்டி என்று எழுதாவிட்டாலும் பொருளின் விலையில் அது உட்கார்ந்திருக்கும்.

அதனால் என் யோசனை: கம்பெனி அடைத்து விலை போட்டு வரும் பாக்கெட்டுகளை, துணி பவுடர், குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, பாத்திரம் கழுவுவது, பினாயில், இதையெல்லாம் தைரியமாகப் பெரிய கடையில் வாங்குங்கள். எங்கே வாங்கினாலும் ஒரே சரக்கு, கெட்டும் போகாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும், வேன் காசும் பாதியாகும். இதைச் சொன்னால் என் லைனுக்கே நஷ்டம்தான். இருந்தாலும் பிள்ளையின் பீஸ் என்று எழுதியிருக்கிறீர்கள், மறைக்க மனசு வரவில்லை.

அரிசி, பருப்பு, புளி, மிளகாய் எல்லாம் வேறு கதை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதற்கு மேல் எடையுள்ள மூட்டைக்குக் கிடையாது, உதிரியாக நிறுத்துக் கொடுப்பதற்கும் கிடையாது. 26 கிலோ சிப்பம் என்று ஒன்று கடைகளில் கிடப்பது அதனால்தான். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு கிலோ, ஐந்து கிலோ என்று பாக்கெட் அரிசி வாங்குவது வீண். சிப்பமாக எடுங்கள், அதையும் ஊரிலேயே எடுங்கள். அரிசி பழசா புதுசா, சோறு எப்படி வரும் என்று உங்கள் கடைக்காரரிடம் கேட்கலாம், சரியில்லை என்றால் மறுநாள் திருப்பிக் கொடுக்கலாம்.

அங்கே போனால் கவனிக்க வேண்டியது எடை. டீத்தூள், பிஸ்கட் எல்லாம் இன்னின்ன அளவில்தான் அடைக்கணும் என்று முன்பு விதி இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எந்த எடையிலும் வரலாம். சூரியகாந்தி எண்ணெய் ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் நிற்கும். பார்க்க அதே மாதிரி இருக்கும் பாக்கெட்டில் 850 மில்லி, 800 கிராம் என்று போட்டு "மலிவு" என்று அடுக்கியிருப்பார்கள். பாக்கெட்டில் விலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு, பெரிய பாக்கெட் என்றால் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் போடணும் என்பது சட்டம். இரண்டு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சின்ன எழுத்தை மட்டும் பாருங்கள். "பெரிய பாக்கெட் லாபம்" என்பது பல நேரம் உண்மை, எல்லா நேரமும் இல்லை.

இன்னொன்று. வாசலிலேயே அரிசி பருப்பை வைக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் டப்பா, பெட்ஷீட், பிள்ளைகள் கை வைக்கிற சாக்லேட் எல்லாம் தாண்டித்தான் நீங்கள் தேடி வந்ததற்குப் போக முடியும். அவர்களுக்கு லாபம் நிற்கிற சரக்கு அதுதான். பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள், சனி ஞாயிறு வேண்டாம், பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டாம்.

---

கோவிந்தாபுரம் அக்கா:

லைன்கார அண்ணன் கணக்கு நன்றாகச் சொன்னார். நான் கணக்குக்கு வெளியே ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எல்லா முக்குக் கடையும் தங்கச்சி மாமியார் சொல்கிற கடை மாதிரி இருப்பதில்லை. எங்கள் காலனிப் பெண்கள் சில கடைகளில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் தெரியுமா? பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் எங்கள் பக்கம் திரும்புவார்கள். பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் முகம் மாறும். "இருக்கிறது இதுதான், வேணும்னா வாங்கு" என்பார்கள். நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் சண்டைக்கு வருகிற மாதிரி பேசுவார்கள்.

பெரிய கடையில் கூடையை எடுத்துக்கொண்டு நான் பாட்டுக்கு உள்ளே போகிறேன். எந்தப் பாக்கெட்டையும் தொட்டுத் திருப்பிப் பார்க்கிறேன், பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடுகிறேன். பில் போடும் இடத்தில் எனக்கு முன்னால் தோட்டக்காரர் வீட்டம்மா நின்றாலும் அவருக்கு அடுத்தது நான்தான். யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்வதில்லை. அந்த ஒன்றுக்காகவே பஸ் காசு போட்டுப் போகலாம் என்று எனக்குத் தோன்றும். சின்னக் கடைகள் அழிகின்றன என்று வருத்தப்படுகிறவர்கள் எங்களை மாதிரி ஆட்களிடம் அந்தக் கடைகள் எப்படி நடந்துகொண்டன என்பதையும் ஒரு தடவை கேட்க வேண்டும்.

தங்கச்சி கடைக்காரர் நல்லவர். அப்படி இருந்தால் விடாதீர்கள். நான் அதற்கு எதிராகச் சொல்லவில்லை.

அப்புறம், யாருமே மாவேலி ஸ்டோரை, அதுதான் கேரள அரசின் சப்ளைகோ கடையைச் சொல்லவில்லையே! நீங்கள் கேரளா ரேஷன் கார்டு வைத்திருப்பீர்கள் அல்லவா? மஞ்சள், ரோஸ், நீலம், வெள்ளை எந்தக் கார்டாக இருந்தாலும் சப்ளைகோ கடையில் 13 பொருள் மானிய விலையில் உண்டு. சிறுபயறு, உளுந்து, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, துவரம்பருப்பு, மிளகாய், மல்லி, சர்க்கரை, தேங்காய் எண்ணெய், அப்புறம் அரிசியில் ஜயா, குறுவ, மட்டை, பச்சரிசி. 2024 பிப்ரவரியில் விலையை ஏற்றினார்கள் என்பது உண்மைதான், இருந்தாலும் அப்போது சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்று வைத்தார்கள். பொள்ளாச்சிக் கடை பருப்பில் பன்னிரண்டு ரூபாய் குறைத்தது என்று சொன்னீர்களே, இங்கே குறைவது அதைவிட அதிகம். கிலோக் கணக்கு அளந்துதான் கொடுப்பார்கள், நமக்கு அது போதும். சரக்கு என்றைக்கு இறங்குகிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டு அன்றைக்கே போங்கள்.

---

வேலந்தாவளம் மளிகை:

நான் அந்த முக்குக் கடை வைத்திருக்கிறவன். அப்பா காலத்திலிருந்து வேலந்தாவளத்தில் கடை.

கோவிந்தாபுரம் அக்கா சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அப்படி நடக்கிற கடைகளை நானும் பார்த்திருக்கிறேன், அவர்களை விட்டுவிட்டு நீங்கள் போனது சரி.

தங்கச்சிக்கு ஒரு கடைக்காரனாகச் சொல்கிறேன். நீங்கள் சோப்பை வெளியில் வாங்கினால் எனக்கு வருத்தம் இல்லை, அதில் எனக்கு நிற்பதே சொற்பம். எங்களுக்கு நாலு காசு நிற்பது அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம், மாட்டுத்தீவனம் இதில்தான். இதில் நான் நேரே மண்டியில் பார்த்து எடுக்கிறேன், விலையும் என் கையில் இருக்கிறது. அதனால் உங்கள் கடைக்காரரிடம் போய் இப்படிக் கேளுங்கள்: "அண்ணா, இந்த மாசம் அரிசி, பருப்பு, எண்ணெய், தவிடு, பிண்ணாக்கு எல்லாம் ரொக்கத்துக்கு எடுக்கிறேன், என்ன விலை போடுவீங்க?" கேட்டுப் பாருங்கள், கட்டாயம் குறைப்பார். எங்கள் கடையில் ரொக்கத்துக்கு ஒரு விலை, நோட்டுக்கு ஒரு விலை என்று போர்டு எழுதி வைக்க மாட்டோம், ஆனால் மனசுக்குள் இரண்டு விலை உண்டு. மூன்று மாடு வைத்திருக்கிறீர்கள், உங்கள் வீட்டில் தீவனச் செலவே மளிகைக்குச் சமமாக இருக்கும். அதை வைத்துப் பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை அதிகம்.

ஒரே ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். எனக்கு நடந்தது என்பதால் சொல்கிறேன். நோட்டில் பாக்கி நிற்கும்போது ரொக்கத்தை வெளியில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காசில்லாத வாரத்தில் மட்டும் கடைக்கு வருவது. ஒரு வருடத்தில் என் கடையில் அப்படி நிறைய வீடுகள் ஆகிவிட்டன. மாதம் பிறந்தால் பொள்ளாச்சிக்கும் கோயமுத்தூருக்கும் போய்விடுவார்கள், இருபதாம் தேதிக்கு மேல் அரைக் கிலோ சர்க்கரை, ஒரு தேங்காய் என்று நோட்டை நீட்டுவார்கள். எனக்கு ரொக்கம் சுழலவில்லை, ஏஜென்சிக்குப் பணம் கொடுக்க முடியவில்லை, சரக்கு குறைந்தது, "உங்க கடையில் ஒண்ணுமே இல்லையே" என்று அதையும் அவர்களே சொன்னார்கள். ஊரில் யாரிடமும் இதை நான் வாய் திறந்து சொன்னதில்லை. கடன் கொடுக்கிற கடை நிற்க வேண்டும் என்றால் அதே வீட்டின் ரொக்கத்தில் ஒரு பங்காவது அங்கே வர வேண்டும்.

நீங்கள் இப்போது நோட்டில் வைத்திருக்கும் மூவாயிரத்தை முதலில் கட்டி முடித்துவிடுங்கள். கன்று விற்றால், ஓணம் போனஸ் வந்தால், முதல் செலவு அதுவாக இருக்கட்டும். அதன் பிறகு எங்கே எதை வாங்குகிறீர்கள் என்று யாரிடமும் தலையைக் குனிய வேண்டியதில்லை.

காய்கறி பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: எங்கள் வேலந்தாவளம் சந்தைக்கு இரண்டு பக்கத்து விவசாயிகளும் கொண்டுவந்து போடுகிறார்கள். தோட்டத்திலிருந்து நேரே வந்த தக்காளியும் புடலையும் இங்கே இருக்கும்போது அதே காயைக் குளிர் அறையில் வைத்து பாலித்தீன் சுற்றிப் பொள்ளாச்சியில் வாங்கி வந்தால் எனக்கு மனசு கேட்காது.

---

கோவை ஐடி தம்பி:

நானும் கொழிஞ்சாம்பாறைக்காரன்தான்க்கா, இப்போது சரவணம்பட்டியில் இருக்கிறேன். மேலே சொன்னதோடு ஒன்று மட்டும். பேஸ்ட், ஷாம்பு, குளியல் சோப்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியை 18இலிருந்து 5 ஆக்கினார்கள். அதனால் பழைய பில்லை வைத்துக்கொண்டு "பெரிய கடையில் இவ்வளவு குறைவு" என்று ஒப்பிடாதீர்கள். அதே வாரத்தில் இரண்டு இடத்திலும் விலை கேட்டால்தான் கணக்கு சரியாக வரும். அப்புறம், அச்சடித்த விலைக்கு மேல் யார் வாங்கினாலும், சின்னக் கடையோ பெரிய கடையோ, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் போடலாம். பில் கையில் இருக்கணும்.

---

கொழிஞ்சாம்பாறை மருமகள்:

அண்ணாமார்களுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று ராத்திரி மாமியாருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். வேலந்தாவளம் அண்ணன் எழுதியதைக் கேட்டுவிட்டு, "நம்ம கடைக்காரனும் இதைத்தான் சொல்லாம வச்சிருக்கான்" என்றார்.

கோவிந்தாபுரம் அக்கா, உங்கள் வரிகள் இன்னும் மனசில் நிற்கின்றன. எங்கள் கடையில் யாரையாவது அப்படி நிற்க வைக்கிறார்களா என்று இனிமேல் கவனிப்பேன். கண்ணில் பட்டால் சும்மா வர மாட்டேன்.

மாவேலி ஸ்டோர் எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகத்துக்கு வரவே இல்லை. நீலக் கார்டு அலமாரியில் இருக்கிறது. பருப்பு, உளுந்து, சர்க்கரை, மிளகாய் அங்கே எடுக்கப் போகிறேன். தேங்காய் எண்ணெய்க்கு எங்கள் வீட்டிலேயே பதினெட்டு மரம் இருக்கிறது. 2025இல் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது மாமனார் கொப்பரை காயப்போட்டுச் செக்கில் கொடுத்து ஆட்டிக் கொண்டுவந்தார், இந்த வருடமும் அப்படித்தான். மாட்டுத்தீவனத்தை வைத்து ரொக்க விலை கேட்பது நல்ல யோசனை, வீட்டுக்காரரைப் பேசச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். ரொக்கம் ரொக்கம் என்கிறீர்கள், எங்களுக்குக் கூலி வாரா வாரம்தான் வருகிறது. பெரிய கடையில் சோப்பு, பவுடர் மொத்தமாக எடுக்க ஆயிரத்து ஐநூறு ஒரே நாளில் எங்கிருந்து வரும்? மலிவு என்பது முன்கூட்டியே கையில் காசு வைத்திருக்கிறவர்களுக்குத்தான் போலிருக்கிறது.

---

சித்தூர் லைன்காரர்:

நீங்கள் சொன்னதுதான் இந்தத் தொழிலின் முழு ரகசியம் தங்கச்சி. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட் எங்கள் வண்டியில் அவ்வளவு போவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? வாரக் கூலிக்காரர்களுக்கு ஏற்ற அளவு அதுதான்.

உங்கள் தெரு அக்காமார்கள் வேன் பேசுகிறார்கள் அல்லவா, அவர்களோடு சேர்ந்தே இதைச் செய்யலாம். நாலு வீடு சேர்ந்து நாலு கிலோ பவுடர் ஒன்றை வாங்கி ஆளுக்கு ஒரு கிலோ பிரித்துக்கொள்ளுங்கள். சோப்பையும் கட்டாக வாங்கிப் பிரியுங்கள். ஒரு வீட்டுக்கு முந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எல்லோரும் போக வேண்டியதும் இல்லை, ஒருவர் பொள்ளாச்சிக்குப் பஸ்ஸில் போனால் போதும். உங்கள் ஊரில் குடும்பஸ்ரீ, அதாவது கேரளாவின் பெண்கள் சுயஉதவிக் குழு, இருக்கும். அந்த அயல்கூட்டத்தில் வாரம் போடுகிற சேமிப்பிலிருந்து உள்கடனாக ஆயிரம் எடுத்து இதற்கு வைத்துக்கொண்டால் வட்டியும் உங்கள் கூட்டத்துக்கே வரும்.

நோட்டில் உள்ள பாக்கியையும் அதே மாதிரி, சனிக்கிழமை சாமானுக்குக் கட்டுவதோடு நூறு ரூபாய் சேர்த்துக் கட்டிக் குறையுங்கள். கடைக்காரரிடம் "பழைய பாக்கிக்கு இந்த நூறு" என்று சொல்லித் தனியாக எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புதுப் பற்றில் கரைந்துவிடும்.

தீவனத்துக்கு என்ன விலை போட்டார் என்று கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். சித்தூரில் என்ன போகிறது என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.